உப்பளத்தில் ஐஎஸ்ஓ 50: மெதுவான கறுப்பு வெள்ளைச் சுருளில் படம் எடுப்பது எப்படி

ஏப்ரல் மாதம் காலை ஒன்பது மணிக்குத் தூத்துக்குடி உப்பளத்துக்குள் போனால் கண் கூசும். மேலே வெயில், கீழே பாத்தி பாத்தியாக அதன் எதிரொளி. ஐஎஸ்ஓ என்பது ஃபிலிம் சுருள் ஒளியை எவ்வளவு விரைவாகப் பிடிக்கிறது என்பதன் அளவு; எண் சிறிதானால் சுருள் மெதுவானது. இந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 400 சுருளைப் போட்டுக்கொண்டு நின்றால் எஃப் 16 (லென்ஸின் துளை அளவு; எண் கூடினால் துளை சிறிது), 1/500 நொடி என்று எல்லாவற்றையும் இறுக்கி மூட வேண்டியிருக்கும். சுருளுக்குத் தேவைப்படாத வெளிச்சம் அவ்வளவும் வீண். நான் இங்கே 11 ஆண்டுகளாக ஐஎஸ்ஓ 50 சுருளில் எடுத்து வருகிறேன். பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என் தாய்மாமா ஸ்டூடியோ வைத்திருந்தார். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' சுருளில்தான் எனக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். இருட்டறையில் அவர் பக்கத்தில் நின்று கேட்ட ஒரு வாக்கியத்தை இன்றுவரை விடாமல் பிடித்திருக்கிறேன்: "நிழலுக்காக ஒளி கொடு, வெளிச்சத்துக்காக டெவலப் செய்." நிழல் என்றால் படத்தின் இருண்ட பகுதி, வெளிச்சம் என்றால் பளிச்சென்ற பகுதி. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தை உப்பளத்தில் எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதைப் பற்றித்தான்.

நான் பயன்படுத்தும் ஐஎஸ்ஓ 50 சுருள் இல்ஃபோர்டு பான் எஃப் பிளஸ். கேமரா, நிக்கான் எஃப்எம்2. லென்ஸ் 50 மில்லிமீட்டர். உங்களிடம் வேறு கேமரா இருந்தால் ஒன்றும் குறையில்லை. ஒளியை அளக்கும் மீட்டரை நீங்களே திருத்திக்கொள்ள முடிந்தால் போதும்.

சுருள் ஏன் மெதுவாக இருக்கிறது என்பதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் பிறகு வரும் எண்கள் எல்லாம் தாமாகப் புரியும். சுருளின் மேல் பூசிய ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்பின் படிகங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் வெள்ளிப் புரோமைடு, கூடவே சிறிது அயோடைடு. பெரிய படிகம் ஒளியை எளிதில் பிடித்துவிடும். ஆனால் படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பரில் அது பருத்த வெள்ளித் துகளாக மாறிப் படத்தில் சொரசொரப்பாகத் தெரியும். சிறிய படிகத்துக்கு ஒளி கூடுதலாக வேண்டும். பதிலுக்கு அது மிக நுண்ணிய விவரத்தையும் தாங்கி நிற்கும். 1830களில் இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் தொடங்கியதும் நம் சமையல் உப்பில்தான். காகிதத்தை உப்புக் கரைசலில் நனைத்து, உலர்த்தி, அதன் மேல் வெள்ளி நைட்ரேட் பூசினார். உப்பளத்தில் நின்று ஷட்டரை அழுத்தும்போது ஓர் உப்பை இன்னோர் உப்பின் மேல் பதிக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

நுண்துகள் சுருளுக்கு ஒரு குணம் உண்டு. அதில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே உள்ள இடைவெளி சட்டென்று விரிந்துவிடும். ஐஎஸ்ஓ 400 சுருளில் ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது) தவறினாலும் அச்சிடும்போது சமாளிக்கலாம். இதில் ஒளி குறைந்தால் நிழல் வெறும் கறுப்பாகிவிடும். டெவலப்பரில் நேரம் கூடினால் உப்பு வெறும் சுண்ணாம்பாகிவிடும். அதனால்தான் பெட்டியில் 50 என்று போட்டிருந்தாலும் நான் மீட்டரை 32இல் வைக்கிறேன். மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் கூடுதல் ஒளி. அதற்கு ஈடாக டெவலப்பரில் நேரத்தைக் குறைக்கிறேன். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

உப்பை எப்படி அளப்பது

கேமராவின் மீட்டருக்கு உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல். வெள்ளை வெளேர் என்ற உப்புக் குவியலை, அதாவது அம்பாரத்தை, அதற்குக் காட்டினால், "இவ்வளவு வெளிச்சமா?" என்று துளையை மூடச் சொல்லும். அதைக் கேட்டு எடுத்தால் உப்பு சிமெண்டுக் குவியல் போல வரும். அங்கே வேலை செய்பவர்களின் முகமோ கண், மூக்கு எதுவும் தெரியாமல் கரியாகிவிடும்.

ஆகவே உப்பை நேராக அளக்காதீர்கள். எங்கே படம் எடுக்கிறீர்களோ அந்த வெயிலில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, வெயில் அதில் நேராக விழும்படி திருப்பி, கையின் நிழலோ கேமராவின் நிழலோ விழாமல் அதை மட்டும் அளந்து பாருங்கள். உள்ளங்கை, மீட்டருக்கு அளவுகோலாக வைக்கும் நடுத்தரச் சாம்பல் அட்டையைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிர். எனவே மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் திறக்க வேண்டும். ஆளுக்கு ஆள் கையின் நிறம் மாறும். என் கைக்கு முக்கால் ஸ்டாப்தான் வந்தது. வீட்டு மொட்டை மாடியில் சாம்பல் அட்டையையும் உங்கள் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டால், அதன் பிறகு அட்டையைச் சுமக்க வேண்டியதில்லை.

மீட்டர் 32இல் இருக்க, மேகமில்லாத காலை ஒன்பது மணி வெயிலில் எனக்கு வழக்கமாகக் கிடைப்பது எஃப் 8, 1/125 நொடி. இந்த எண் மனப்பாடமாகிவிட்டதால் மீட்டரின் பேட்டரி தீர்ந்த நாளிலும் சுருள் வீணாகவில்லை.

இது காட்சிக்கான அளவு. முகத்துக்கு இன்னோர் அளவு எடுக்க வேண்டும். அளத்துத் தொழிலாளர்கள் தலையில் துண்டைக் கட்டி, அதன் விளிம்பை நெற்றிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். துண்டின் நிழலுக்குள் இருக்கும் மாநிறமான அல்லது கறுத்த முகம்தான் படத்தில் நாம் இழக்கக்கூடாத நிழல். அனுமதி கேட்டு அருகில் போய் அந்த முகத்தை அளந்து, மீட்டர் சொல்வதிலிருந்து ஒரு ஸ்டாப் மூடுங்கள். அப்போது முகம் அதற்குரிய அடர்த்தியோடு, விவரமும் குறையாமல் விழும். உள்ளங்கை சொன்ன அளவையும் இதையும் ஒப்பிட்டு, எது கூடுதலாகத் திறக்கச் சொல்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் கோணத்தில் எடுக்காதீர்கள். நான்கைந்து அடி நகர்ந்து, பாத்தியின் எதிரொளி கீழிருந்து முகத்தில் படும் இடத்தில் நில்லுங்கள். உப்பளத்தில் தரையே ஒரு பெரிய வெள்ளைத் துணி மாதிரி முகத்துக்கு ஒளி ஊட்டும். இந்த வசதியை எந்த ஸ்டூடியோவிலும் நான் கண்டதில்லை.

வானம் வெளிறிப் போகாமல் இருக்க மஞ்சள் ஃபில்டர் போடுகிறேன். ஒரு ஸ்டாப் ஒளியை அது எடுத்துக்கொள்ளும். நீல வானம் சற்று இறங்கி, அம்பாரத்தின் முனை அதிலிருந்து பிரிந்து நிற்கும். ஆரஞ்சு ஃபில்டர் இரண்டு ஸ்டாப்பை விழுங்கும். முக்காலி இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். சிவப்பு எனக்குப் பிடிக்காது. வானத்தை நாடகமாக்கிவிடுகிறது.

விடியுமுன், முக்காலியோடு

அளத்தில் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிய பிறகு உப்பை வாருவது உடம்புக்கு ஆகாது. நீண்ட கம்பு பொருத்திய மரப்பலகையால் பாத்திக்குள்ளிருந்து உப்பை வாரி வரப்பில் ஒதுக்குவார்கள். நீர் வடிந்ததும் அதைத் தலைச்சுமையாக எடுத்துப்போய் அம்பாரமாகக் குவிப்பார்கள். அந்த நேரத்து வெளிச்சம் சாம்பலும் வெள்ளியும் கலந்தது. நுண்துகள் சுருளுக்கென்றே அமைந்தது என்பேன்.

அப்போது எஃப் 8இல் மீட்டர் நான்கு நொடி காட்டும். ஆனால் நான்கு நொடி கொடுத்தால் படம் மெலிந்துவிடும். மங்கிய ஒளியில் நேரம் நீள நீளச் சுருளின் உணர்வு குறைந்துகொண்டே வரும். பான் எஃப் பிளஸுக்கு இல்ஃபோர்டு தரும் கணக்கு இது: ஒரு நொடிக்கு மேல் போனால், மீட்டர் காட்டும் நொடிகளை 1.33 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். நான்கு நொடி ஆறேகால் நொடியாகும்; பத்து நொடி ஏறக்குறைய 21 நொடியாகும்; 30 நொடி ஒன்றரை நிமிடத்தைத் தாண்டும். இந்த மூன்று எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக் கேமராப் பையின் மூடியில் ஒட்டியிருக்கிறேன். மற்றவற்றை இடையில் மதிப்பிட்டுக்கொள்வேன்.

முக்காலியின் கால்களை வரப்பின் ஈரமண்ணில் ஊன்றாதீர்கள். ஆறு நொடிக்குள் அது அரை மில்லிமீட்டர் இறங்கினாலும் நுண்துகளால் பயன் இல்லை. தேங்காய்ச் சிரட்டை மூன்றைக் கவிழ்த்துவைத்து அவற்றின் மேல் ஊன்றுகிறேன். கடற்காற்று அடித்தால் முக்காலியின் நடுத்தண்டில் தண்ணீர்ப் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். அது ஆடாமல் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். எஃப்எம்2இல் தானியங்கி டைமரை இழுத்துவிட்டு எடுத்தால் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி முதலிலேயே மேலே போய்விடும். அதன் அதிர்வு அடங்கிய பிறகுதான் ஷட்டர் திறக்கும். நான் கேபிள் ரிலீஸைவிட இதையே நம்புகிறேன்.

கையில் பிடித்து எடுப்பதானால் 1/250க்குக் கீழே போகாதீர்கள். நடப்பவர்களை எடுக்கும்போது எஃப் 5.6இல் திறந்து 1/250 வைக்கிறேன். எஃப் 16, எஃப் 22 வரை மூடினால் இன்னும் துல்லியம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். 35 மில்லிமீட்டரில் அது நேர்மாறு. சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து விவரத்தை மழுக்கிவிடும். இவ்வளவு நுண்ணிய சுருளில் அந்த மழுங்கல் அப்படியே தெரிகிறது. எஃப் 5.6, எஃப் 8 இரண்டிலேயே என் படங்களில் முக்கால்வாசி எடுத்தவை.

லென்ஸில் உப்பு படியும். துணியால் துடைத்துவிடாதீர்கள், உப்புப் படிகத்துக்குக் கூரான மூலைகள் உண்டு. முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டர் தொட்ட மெல்லிய துணியை அழுத்தாமல் ஒற்றுங்கள். வீடு திரும்பியதும் முக்காலியின் கால்களை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இல்லையென்றால் திருகுகள் ஒரே பருவத்தில் துருப்பிடித்துவிடும்.

எடுத்த சுருளை வைத்திருக்காதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு வருடம் தேர்வு விடைத்தாள் திருத்தும் வேலையில் இரண்டு சுருள்களை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, அடுத்த ஜனவரியில்தான் டெவலப் செய்தேன். டேங்கிலிருந்து எடுத்தபோது சுருளின் ஓரத்தில் இருக்க வேண்டிய எழுத்துகள்கூட மங்கித்தான் தெரிந்தன. படங்கள் எல்லாம் புகைபோல மெலிந்திருந்தன. முதலில் டெவலப்பர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பான் எஃப் பிளஸில் பதிந்த மறைபிம்பம் (டெவலப் செய்யும்வரை கண்ணுக்குத் தெரியாத படம்) நாளாக ஆக மங்கும் தன்மை உடையது. மூன்று மாதங்களுக்குள் டெவலப் செய்துவிடும்படி தயாரிப்பாளரே சொல்கிறார்கள். நம் வெப்பத்தில் நான் ஒரு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை. அந்த இரண்டு சுருள்களில் இருந்த அளம் இப்போது இல்லை, மனைகளாகிவிட்டது.

எடுக்காத சுருளைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். இல்லையென்றால் நம் ஊர்க் காற்றின் ஈரம் சுருளின் மேல் வியர்த்துவிடும்.

டெவலப் செய்வது

வீட்டிலேயே செய்யுங்கள். இருட்டுப்பை, டேங்க், வெப்பமானி, அளவுக்குவளை, மூன்று பாட்டில்கள், இவ்வளவுதான். ரீலில் சுருளைச் சுற்றுவதை அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் இருட்டுப்பைக்குள் இரண்டு நிமிடத்தில் கை வியர்த்து, சுருள் ரீலில் ஒட்டிக்கொண்டு நகராது. ரீல் எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டும். முந்தின நாள் வெயிலில் வைத்து எடுங்கள்.

நான் பயன்படுத்தும் டெவலப்பர் ஐடி 11. ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து, ஒருமுறை மட்டும் பயன்படுத்திக் கொட்டிவிடுகிறேன். இரண்டு ரீல் கொள்ளும் டேங்கில் ஒரே ஒரு சுருளைப் போட்டு, 150 மில்லி டெவலப்பரில் 450 மில்லி தண்ணீர் கலந்து 600 மில்லியாக ஊற்றுவேன். சின்ன டேங்கில் இதே விகிதத்தில் 300 மில்லி கலந்தால் ஒரு சுருளுக்குப் போதுமான மருந்து இருக்குமா என்ற சந்தேகம் வரும், அதனால்தான் பெரியது.

இவ்வளவு நீர்க்க வைப்பதில்தான் மாமாவின் வாக்கியத்தின் இரண்டாம் பாதி இருக்கிறது. உப்பு பதிந்த இடத்தில் வெள்ளி ஏராளம். அங்கே நீர்த்த டெவலப்பர் சீக்கிரம் களைத்துவிடும். முகம் பதிந்த இடத்தில் வேலை குறைவு. அங்கே மருந்து தீராமல் நிதானமாக வேலை செய்துகொண்டே இருக்கும். வெளிச்சம் ஓடிப்போகாமல் நிற்க, நிழல் மெல்ல வந்து சேர்ந்துகொள்ளும். டேங்கை வேகமாகக் குலுக்கினால் புது மருந்து உப்பின் மேல் போய்விழுந்து இந்த ஏற்பாட்டைக் கெடுக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை, பத்து நொடிக்குள் நான்கு தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். கடைசியில் டேங்கின் அடியை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள், குமிழ்கள் விட்டுப்போகும்.

நேரம்: தயாரிப்பாளர் அட்டவணையில் 20 டிகிரி செல்சியஸுக்கு 15 நிமிடம். மே மாதத் தூத்துக்குடியில் குழாய்த் தண்ணீரே 31, 32 டிகிரி இருக்கும். அதை 20க்கு இறக்குவதற்குப் பதிலாக நான் 24இல் நிறுத்துகிறேன். அந்த வெப்பத்தில் 15 நிமிடம் ஏறக்குறைய பத்தரை நிமிடமாகச் சுருங்கும். கூடுதல் ஒளி கொடுத்திருப்பதாலும் உப்பின் வெள்ளையைக் காப்பாற்றுவதற்காகவும் அதிலிருந்து ஒன்றரை நிமிடம் குறைத்து ஒன்பது நிமிடம். மேகமூட்டமான நாளில் எடுத்த சுருளுக்குப் பத்தரை நிமிடத்தையே கொடுக்கிறேன். அன்று குறைத்தால் படம் சப்பென்று ஆகிவிடும். அதனால் ஒரே சுருளில் வெயிலையும் மேகத்தையும் கலக்காதீர்கள்.

24 டிகிரிக்கு வர ஐஸ் பெட்டியெல்லாம் வேண்டாம். முந்தின இரவே டிஸ்டில்டு வாட்டர் பாட்டில்களை மண்பானைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்துவிடுவேன். காலையில் 26, 27க்கு வந்திருக்கும். ஐஸ்கட்டி போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பையை அந்தப் பானையில் இறக்கினால் கால் மணி நேரத்தில் மிச்சமும் இறங்கிவிடும். டெவலப் ஆன படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்ஸரும் கழுவும் தண்ணீரும் அதே பானையில் கிடக்கட்டும். டெவலப்பரை மட்டும் குளிர வைத்துவிட்டு 31 டிகிரித் தண்ணீரில் கழுவினால் ஜெலட்டினுக்கு அதிர்ச்சி.

டிஸ்டில்டு வாட்டர் என்று சொன்னேன். கார் பேட்டரிக்கு ஊற்ற விற்பதுதான். எங்கள் தெருக் குழாயில் வருவதைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளை படியும். அதே வெள்ளை நெகட்டிவில் காய்ந்து புள்ளியாக நிற்கும். டெவலப்பர் கலக்கவும் கடைசி அலசலுக்கும் கட்டாயம் இதைப் பயன்படுத்துங்கள்.

டெவலப்பரைக் கொட்டியதும் ஒரு அலசல்; பிறகு ஃபிக்ஸர். சுருள் நுனியில் வெட்டிய துண்டை வெளிச்சத்திலேயே ஃபிக்ஸரில் போட்டு, அது பால் நிறம் போய்த் தெளிய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் கொடுத்தால் போதும். கழுவுவதற்குக் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. எங்கள் ஊரில் தண்ணீரை அப்படி விட மனமும் வராது. டேங்கை நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பி 10 தடவை. மறுபடி நிரப்பி 20 தடவை. இதுவும் இல்ஃபோர்டு சொன்ன முறைதான். ஈரமூட்டும் திரவம் ஒரு துளி விட்ட தண்ணீரில் கடைசியாக ஒரு நிமிடம் ஊறவிட்டு, குளியலறையில் மின்விசிறி படாமல் தொங்கவிடுங்கள்.

காய்ந்த பிறகு

நெகட்டிவைச் செய்தித்தாளின் மேல் வையுங்கள். உப்பு இருக்கும் மிக அடர்ந்த கறுப்பு வழியாகக் கீழே உள்ள எழுத்து மங்கலாகவேனும் படிக்க வர வேண்டும். படிக்க முடியாவிட்டால் அடுத்த சுருளுக்கு ஒரு நிமிடம் குறையுங்கள். பிறகு லூப் என்ற உருப்பெருக்கும் கண்ணாடியை வைத்து முகத்தைப் பாருங்கள். துண்டின் நிழலில் புருவம் தெரிகிறதா? தெரியவில்லையென்றால் நேரத்தைக் கூட்டுவதில் பயனில்லை. அடுத்த முறை மீட்டரை 25இல் வையுங்கள். ஒரே சமயத்தில் இரண்டையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். முதல் மூன்று சுருள்களுக்கு ஒரு நோட்டில் ஒவ்வொரு படத்தின் துளை, நொடி, நேரம் மூன்றையும் எழுதுங்கள்.

வடகிழக்குப் பருவமழை வந்தால் அளம் ஓய்ந்துவிடும். அம்பாரங்களை மூடிப் போட்டுவிடுவார்கள். அந்த மாதங்களில்தான் நான் அச்சிடுகிறேன். 12க்கு 16 அங்குலத் தாளுக்குப் பெரிதாக்கும்போது துகளைப் பார்த்து ஃபோகஸ் செய்யும் கண்ணாடியில் துகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவு சிறியது.

சென்ற ஆண்டு அப்படி அச்சிட்ட ஒன்றை, அதில் உப்புச் சுமந்து நடக்கும் அக்காவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் முகத்தை அவர் ஒரு நொடிதான் பார்த்தார். பிறகு தாளை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி, பின்னால் தெரியும் வரப்பை நகத்தால் தொட்டுக்கொண்டே போனார். மூன்றாவது பாத்தியின் மூலையில், கருவேல மரத்து நிழலில், ஓர் அரிசி அளவுகூட இல்லாத ஒன்றின் மேல் நகம் நின்றது.

"டீச்சர், இது என் தூக்குவாளி. மூடி நசுங்கியிருக்கிறது பாருங்கள்."

வீட்டுக்கு வந்து நெகட்டிவை லூப்பில் வைத்துப் பார்த்தேன். மூடி நசுங்கித்தான் இருந்தது.